எறும்பு தொடாத எண்ணெய்

செக்கு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய்தான் வருவேனா என்றது.

கோவிந்தசாமி செக்கின் பாரப் பலகையில் உட்கார்ந்து, "ஹை, ஹை" என்று மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான். கண்ணில் சாக்குத்துணி கட்டிய கருவாயன் வாயில் நுரை தள்ள வட்டம் போட்டது. மர உரலுக்குள் ஆமணக்கு முத்து களியாக அரைந்து, உலக்கையோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றியது. எள்ளாக இருந்தால் இந்நேரம் பிண்ணாக்கு உரலின் ஓரத்தில் ஏறி, நடுவில் எண்ணெய் குளம் கட்டியிருக்கும். முத்து அப்படியல்ல. வெயிலில் நன்றாகக் காய வேண்டும், மெதுவாக ஆட்ட வேண்டும், அது இளகுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

சிராங்கூன் ரோட்டில் விளக்கெண்ணெய் வாங்குகிறவர்கள் வயிறு கழிய ஒரு கரண்டி வாங்குவார்கள், குழந்தையின் உச்சியில் வைக்க ஒரு கிண்ணம் வாங்குவார்கள். டின் டின்னாக யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டிருப்பது ஆகாயக் கப்பலுக்கு.

வாரத் தொடக்கத்தில் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஜேசுதாசன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, சப்பாத்தில் பிண்ணாக்கு ஒட்டாதபடி நுனிக்காலில் நின்று விஷயத்தைச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனித் துரைக்குத் தமிழர்களிடம் ஆக வேண்டியது எதுவானாலும் இவர்தான் வருவார்.

"சீமையிலயிருந்து ஒரு துரை வந்திருக்கிறார். குதிரைப் பந்தயத் திடலில மெஷினில ஏறிப் பறந்து காட்டப் போறார். கப்பலில கொண்டு வந்த எண்ணெய்ப் பீப்பா உடைஞ்சு முழுக்க ஒழுகிப் போச்சு. சனிக்கிழமை பின்னேரத்துக்கு முன்னம் நாலு டின் வேணும். சுத்தமான விளக்கெண்ணெய்."

செக்கு முதலாளி அழகப்பன் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிவிட்டார். கோவிந்தசாமிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"விளக்கெண்ணெயா, கிராணி ஐயா? அதக் குடிச்சா வயித்தால போகுமே!"

ஜேசுதாசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மெஷினுக்கும் அப்பிடித்தான், காணும். ஒரு பக்கத்தால குடிச்சு மற்றப் பக்கத்தால துப்பிக்கொண்டே போகும். மேலயிருந்து தூறலாக் கொட்டுமெண்டு சொல்லுகினம். எஞ்சின் முழுசாச் சுத்துது. எண்ணெய் பிழைச்சால் இறுகி நிண்டுபோம். மேல நிண்டுதெண்டால் ஆள் கீழதான்."

அன்றிலிருந்து ரோடு முழுக்க இதே பேச்சு. மாட்டுத் தரகர் நூர்தீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மனுசனாவது பறக்கிறதாவது! காத்தாடிக்கே நூலு வேணும். டிக்கெட்டு விக்கிறதுக்கு வெள்ளக்காரன் கட்டுற கதை" என்றார். பால்காரர்கள், மாட்டுக் கொட்டில்காரர்கள், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான். கோவிந்தசாமி மட்டும் நம்பினான். அவன் கப்பலை விட்டு இறங்கிய வருஷம், மாடில்லாமல் குதிரையில்லாமல் டிராம் வண்டி ஓடப்போகிறது என்றபோதும் இதே நூர்தீன் இதே மாதிரிதான் துப்பினார். டிராம் ஓடியது. இப்போது நூர்தீனும் அதில்தான் ஏறி வருகிறார்.

"நாம ஆட்டுன எண்ணெயில ஒரு மனுசன் ஆகாயத்துல போகப்போறான், பாத்துக்க" என்று மனைவியிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

பூவம்மாவுக்கு ஏழு மாதம். செக்குக் கொட்டகைக்குப் பின்னால் முதலாளி விட்டிருந்த குடிசை வாசலில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து எண்ணெய் வடிகட்டுவது அவள் வேலை. "ஊரு புள்ளைங்களுக்குப் பேதி குடுத்தது பத்தலைன்னு இப்ப துரைக்கும் குடுக்கிறீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு, "என்னையும் கூட்டிட்டுப் போங்க. நானும் பாக்கணும்" என்றாள்.

"நீ இல்லாமயா? வேலிக்கிட்ட நிக்க வச்சுக் காட்டுறேன்."

முதல் டின்னை அவன் பார்த்துப் பார்த்து நிரப்பினான். முத்தைப் பாயில் பரப்பிக் காய வைத்து, கல் மண் பொறுக்கி, கருவாயனை அடிக்காமல் நடக்கவிட்டு ஆட்டினான். பூவம்மா பழைய வேட்டியை மடித்து இரண்டு தடவை வடிகட்டினாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதி முத்து ஈரம் வாங்கி, உரலில் பசையாகக் கிடந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த எள் மூட்டைகள் ஒரு பக்கம் கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றன. அழகப்பன் வாசலுக்கும் உரலுக்குமாக நடந்தார்.

"என்னடா இது? நாளு பூரா ஆட்டி ஒரு டின்னா?"

"முத்து இளகணுங்க முதலாளி. ஒரு வெயில் அடிச்சாப் போதும்."

"வெயிலுக்கு நான் எங்கடா போவேன்? எள்ளு ஆட்டணும், கடைக்காரன் கழுத்தப் பிடிக்கிறான். கருப்பட்டியப் போடு."

கோவிந்தசாமி மாட்டை நிறுத்தினான். எள் ஆட்டும்போது உரலில் ஒரு கட்டிக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவது செக்குக்காரர் எல்லோருக்கும் வழக்கம். போட்டால் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் சட்டென்று பிரியும். அப்புறம் வெயிலில் வைத்தால் இனிப்பெல்லாம் கசடோடு கசடாக அடியில் தங்கிவிடும். ஆமணக்குக்கு யாரும் போடுவதில்லை. அந்த எண்ணெயே பாகு மாதிரி கெட்டி, அதில் விழுந்தது லேசில் அடியில் தங்காது.

"முத்துக்குப் போட மாட்டாங்களே, முதலாளி."

"திங்கிறவனுக்குத்தானடா ருசி பேதம். மெஷினுக்கு நாக்கா இருக்கு? போடுறியா, இல்ல குடிசையக் காலி பண்றியா? செக்கோட்ட வேற ஆளு இல்லைன்னு நெனச்சியா?"

பூவம்மா வடிகட்டுகிற துணியைப் பிடித்தபடி இவனையே பார்த்தாள். கோவிந்தசாமி மாடத்திலிருந்து கருப்பட்டியை எடுத்து, உரல் விளிம்பில் தட்டி உடைத்துப் போட்டான். கொஞ்ச நேரத்தில் பசை இறுகியது. எண்ணெய் பளபளவென்று மேலே வந்தது. பயமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது அவனுக்கு. அன்றும் மறுநாளும் போட்டான்.

நாலு டின்னும் ஒரே மாதிரியான பழைய மண்ணெண்ணெய் டின்கள். ஒரே நிறம், ஒரே வாடை. எது முதலில் நிரப்பியது என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் டின்களைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போனான். ரோடு கொள்ளாத கூட்டம். டிராம் நகர முடியாமல் மணியை அடித்துக்கொண்டே நின்றது. வேலிக்கு வெளியே ஏழை பாழைகள், வேலிக்கு உள்ளே காசு கொடுத்தவர்கள், நிழல் மேடையில் வெள்ளைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். பூவம்மாவை நூர்தீனின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "எண்ணெய இறக்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லி உள்ளே போனான்.

குதிரை லாயத்துக்கு முன்னால் அந்த மெஷின் நின்றது. கோவிந்தசாமிக்கு முதலில் ஏமாற்றமாகிவிட்டது. மேலே ஒரு துணிப் பந்தல், கீழே ஒரு துணிப் பந்தல், நடுவில் குச்சியும் கம்பியும். ஒரு நல்ல காற்று அடித்தால் பறந்துவிடும், அதற்கு எஞ்சின் எதற்கு என்று தோன்றியது. எஞ்சினைக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் மூச்சு நின்றது. இலுப்பைப்பூ மாதிரி சுற்றிலும் உருளைகள் வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடியாகத் தீட்டியிருந்தார்கள்.

பறக்கப்போகிற துரை மெலிந்த ஆள். மீசையில்கூட எண்ணெய் மினுமினுத்தது. ஒரு சுருட்டைப் பற்ற வைக்கப் பார்த்தார். நெருப்புக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. காற்றே இல்லை, மூன்றாவது குச்சி பெட்டியோடு கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் கோவிந்தசாமிக்கு அவர் மேல் என்னவோ ஒரு பிரியம் வந்துவிட்டது. பாவம், இவருக்கும் பயம் இருக்கிறது. இருந்தும் ஏறப்போகிறார்.

டின்களை லாயத்து நிழலில் வரிசையாக இறக்கி வைத்தான். ஜேசுதாசன் வந்து எண்ணிப் பார்த்து, "நல்ல வேலை, காணும். அங்கால கம்பி வேலியடியில நிண்டு பாரும். நான் சொன்னனெண்டு சொல்லும்" என்றார். கோவிந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பூவம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிடலாம் என்று திரும்பினான். அப்போதுதான் டின்னைப் பார்த்தான்.

சித்தெறும்பு. லாயத்துச் சுவரிலிருந்து ஒரு கோடு இறங்கி, புல்லைக் கடந்து, முதல் டின்னின் வாயில் செருகியிருந்த கட்டையைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்திருந்தது. அங்கிருந்து ஒரு கிளை இரண்டாவது டின்னுக்கு. அதிலிருந்து கடைசி டின்னுக்கு. மூன்றாவதாக இருந்த டின்னை மட்டும் எறும்பு சீந்தவில்லை. அதன் ஓரத்தில் வழிந்திருந்த எண்ணெயைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

விளக்கெண்ணெயில் எறும்பு மொய்த்து அவன் கண்டதே இல்லை. கருப்பட்டியின் இனிப்பு அடியில் தங்கவில்லை, எண்ணெயிலேயே நிற்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறபோது ஒரு நிமிஷம் அசந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கருப்பட்டி கருகிச் சட்டியோடு சட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சுரண்டினாலும் வராது. அந்தக் கண்ணாடி உருளைக்குள் அது பிடித்துக்கொண்டால்?

அழகப்பன் வேலியோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. பக்கத்திலிருந்த கடைக்காரர்களிடம், "நம்ம எண்ணெயிலதான் ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி அவர் காதோரம் குனிந்தான்.

"முதலாளி, டின்ல எறும்பு மொய்க்குது."

"தட்டிவிடேன்."

"அதில்லைங்க. கருப்பட்டி எண்ணெயிலயே நிக்குது. எஞ்சின் சூட்டுல அது காஞ்சுபோச்சுன்னா..."

அழகப்பனின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது. "வாயத் தொறந்தியோ, தொலைஞ்ச. எம்பேரு நாறிப்போகும். உம்பொண்டாட்டி எங்கடா புள்ள பெத்துக்குவா? ரோட்டுலயா? போ. போய் ஒழுங்கா நில்லு."

கோவிந்தசாமி போனான். ஒழுங்காக நிற்கத்தான் பார்த்தான். சொன்னால் வேலை போகும், குடிசை போகும், வயிற்றுப்பிள்ளைக்காரியோடு தெருவில் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மீசைக்காரர் ஆகாயத்திலிருந்து விழுவார். விழாமலும் போகலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். மெஷினைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? இவன் கண்டது செக்கும் மாடும். எத்தனையோ அழுக்கெண்ணெயை அது குடித்திருக்கும். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கே வேலிக்கு அப்பால், நூர்தீனின் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பூவம்மா இவனைத் தேடிக் கையை ஆட்டினாள்.

துரையின் மெக்கானிக், செம்பட்டை முடிக்காரன், புனலோடு வந்தான். வரிசையில் முதல் டின்னைத் தூக்கினான். எறும்பைப் பார்த்தான். தொப்பியால் இரண்டு தட்டுத் தட்டி, கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புனலை எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த பாத்திரத்தில் செருகினான்.

"ஊத்தாதீங்க!"

யார் கத்தியது என்று கோவிந்தசாமிக்கே முதலில் விளங்கவில்லை. கத்தினபோதே ஓடியிருந்தான். புனலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். செம்பட்டைக்காரன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். வங்காளி என்று ஊரார் சொல்கிற, தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவல்காரன் ஜாகா ஓடிவந்து, "டியாம்! டியாம்!" என்று மலாயில் வாயை மூடச் சொல்லி அதட்டிப் பின்கழுத்தைப் பிடித்தான். ஜேசுதாசன் தொப்பி நழுவ ஓடிவந்தார்.

"என்ன, உமக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஐயா, அந்த எண்ணெய ஊத்த வேணாம்னு சொல்லுங்கய்யா. அதுல கருப்பட்டி கெடக்கு. நாந்தாய்யா போட்டேன். முதலாளி போடச் சொன்னாரு, போட்டேன். சூட்டுல அது பிடிச்சுக்கும்யா."

ஜேசுதாசன் அவனை ஒட்டி வந்து நின்றார். எண்ணெய்க்கு ஏற்பாடு பண்ணியவர் அவர். சுத்தமானது என்று துரையிடம் சொன்னவரும் அவர். குரலைத் தாழ்த்தினார். "பேசாமப் போம். இப்ப இதை நான் போய்ச் சொன்னால் என்ரை வேலையும் போம். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"அவரு உசுரு போயிருமேய்யா."

ஜேசுதாசன் மேடையைப் பார்த்தார், சத்தம் கேட்டு வந்து நின்ற கம்பெனித் துரையைப் பார்த்தார், செம்பட்டைக்காரன் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார்.

கம்பெனித் துரை சிவந்துபோய்க் கத்தினார். மீசைக்காரத் துரை கத்தவில்லை. சுருட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து டின்னுக்கு முன்னால் குந்தினார். எறும்பைப் பார்த்தார். விரலை எண்ணெயில் விட்டு நாக்கில் வைத்தார். மெஷினுக்குத்தான் நாக்கு இல்லை. அவர் முகம் வெளுத்தது. இரண்டாவதையும் கடைசியையும் நக்கிப் பார்த்து, டின்னைக் காலால் தள்ளினார். கோவிந்தசாமி ஜாகாவின் பிடியிலிருந்தபடியே மூன்றாவது டின்னைக் காட்டினான். "அது நல்லதுங்க. அதுல எறும்பு இல்லைங்க. மழைக்கு முன்னால ஆட்டுனது." யாரும் மொழிபெயர்க்கவில்லை. மீசைக்காரர் அதையும் நக்கினார். முகத்தைச் சுளித்து, குழந்தை துப்புகிற மாதிரி தூவென்று துப்பினார். செம்பட்டைக்காரனைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு சுற்றுக்கு ஒரு டின் போதும் போலிருக்கிறது. செம்பட்டைக்காரன் அதைத் துணி போட்டு வடிகட்டி ஊற்ற ஆரம்பித்தான்.

அதற்குள் அழகப்பனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கம்பெனித் துரையைக் கும்பிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க துவான். கருப்பட்டியப் போடுன்னு எந்தச் செக்கு முதலாளியாவது சொல்லுவானா? இந்தப் பய சீக்கிரம் ஆட்டிட்டுக் கள்ளுக்கடைக்குப் போகணும்னு பண்ணிருக்கான். நீங்களே கேளுங்க, யாரு கையால போட்டதுன்னு."

ஜேசுதாசன் அதை இங்கிலீஷில் சொன்னார்.

"உண்மையச் சொல்லுங்கய்யா" என்றான் கோவிந்தசாமி. "போட்டது நாந்தான். போடலைன்னா குடிசைய விட்டுப் போன்னு சொன்னாருங்களே!"

ஜேசுதாசன் அதையும் சொன்னார். கம்பெனித் துரை கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்தார், இடுப்பு வேட்டியில் எண்ணெய் வழிய நின்றவனைப் பார்த்தார், ஜாகாவுக்கு விரலால் சாடை காட்டினார். ஜாகா குதிரைக் கயிற்றை எடுத்துக் கோவிந்தசாமியின் மணிக்கட்டில் சுற்றினான். மீசைக்காரத் துரை குறுக்கே வந்து, கோவிந்தசாமியின் தோளில் கை வைத்து என்னவோ படபடவென்று பேசினார். கம்பெனித் துரை சிரித்துக்கொண்டே அவர் முழங்கையைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினார். அங்கே பெரிய துரைமார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னாரு, ஐயா?"

ஜேசுதாசன் கீழே பார்த்தபடி சொன்னார். "உம்மை விடச் சொல்லிச் சொன்னார். நீர் தன்ரை உயிரைக் காப்பாத்தினீராம்."

"அப்ப விடச் சொல்லுங்களேன்."

"அவர் பறக்க வந்தவர், காணும். இங்க எடுபடுறது எங்கட துரையின்ரை சொல்லு." தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

லாயத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில், குதிரை கட்டுகிற தூணில் அவனைக் கட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் போலீஸ் டேசனுக்குக் கொண்டுபோவதாக ஜாகா சைகையில் சொன்னான். அழகப்பன் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சொன்னேனில்ல? பொழுது சாயிறதுக்குள்ள உம்பொண்டாட்டி சட்டி பானையத் தூக்கிட்டு வெளிய போயிடணும். ஆளு விட்டுச் சொல்லிட்டேன்."

"அவ என்னங்க பண்ணுனா? மாசமா இருக்காங்க முதலாளி. என்ன வேணா பண்ணுங்க, அவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும்..."

அழகப்பன் அதற்குள் போய்விட்டார். வேலியோரத்தில் அவர் குரல் மறுபடி கேட்டது. "நம்ம எண்ணெய்தான். சும்மாவா பின்ன?"

எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிறகு பத்துப் பதினைந்து செக்கை ஒன்றாகப் பூட்டி விரட்டின மாதிரி ஒரு கடகடப்பு எழுந்து, லாயத்துக் குதிரைகள் எல்லாம் முன்காலைத் தூக்கிக் கனைத்தன. அந்தச் சத்தம் திடலில் நீளவாக்கில் ஓடியது. சத்தம் தரையை விட்டது கோவிந்தசாமிக்குக் காதிலேயே தெரிந்தது. அடுத்த நிமிஷம் ரோடும் திடலும் சேர்ந்து ஓவென்று கத்தின. ஜாகா கையிலிருந்த தடியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

"பறக்குதுடா! அடேய், பறக்குதுடா!" என்று வேலிக்கு அப்பால் அலறியது நூர்தீனின் குரல்தான்.

கோவிந்தசாமி எழுந்தான். கயிறு தூணோடு இழுத்தது. ஒரு எட்டு வைத்தால் தாழ்வாரத்தைத் தாண்டலாம். தாண்டினால் வானம். கயிறு அந்த ஒரு எட்டை விடவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை கண்ணுக்கு நேரே தொங்கியது. குனிந்து பார்த்தான், மண்டி போட்டுப் பார்த்தான், மணிக்கட்டில் தோல் உரிய இழுத்துப் பார்த்தான். முற்றத்துச் சாணமும், கவிழ்ந்து கிடந்த தண்ணீர் வாளியும்தான் தெரிந்தன.

"ஒரே ஒரு தடவங்க" என்று யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கெஞ்சினான். அழுகை வந்துவிட்டது.

பிறகு அவன் இழுப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். சத்தம் தூரத்தில் போய், வளைந்து, திரும்பி வந்தது. நடுவில் ஒரு தடவை திக்கியது. அவனுக்கு உயிர் போய் வந்தது. "நிக்காத, ராசா. நிக்காத" என்று முனகினான். அது நிற்கவில்லை. நெருங்க நெருங்கச் சீராக, தடையில்லாமல், இளகின முத்து ஆடுகிற மாதிரி ஓடியது. பூவம்மா இப்போது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பாள். நடுவில் இவன் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஆள் வந்து செய்தி சொன்னானோ என்னவோ.

ஒரு பெரிய நிழல் முற்றத்தில் விழுந்தது. சாணக் குவியலின் மேல் ஏறி, வாளியின் மேல் ஏறி, லாயத்துச் சுவரில் மடங்கி மறைந்தது. அவன் பார்த்தது அவ்வளவுதான். கூடவே பொட்டுப் பொட்டாக ஒரு தூறல் புழுதியில் இறங்கியது. தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டியிருந்த அவன் வலது கால் புறங்காலில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வாடை மூக்கில் ஏறியது. அவன் வீட்டு வாசலின் வாடை.

திடலில் பாண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. கோவிந்தசாமி காலை அசைக்காமல் வைத்திருந்தான். விரலிடுக்கு வழியாக ஒரு சித்தெறும்பு ஏறி வந்தது. சொட்டின் ஓரத்தில் நின்று மீசையால் தொட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியே இறங்கிப் போயிற்று.